வெளியே விடாத முதலீடு

சித்திரை இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு ஒரு நிமிடம் தள்ளி வைத்தேன். (தினமும் செய்வதுதான். இரண்டில் எது சரி என்று எப்படித் தெரியும் என்று செல்வி ஒருமுறை கேட்டாள். அதிலிருந்து அவள் எழுவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன்.) பிறகு நான்கு நாய்க்குட்டிகளையும் துடைத்து, பவுடர் போட்டு, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். அன்று அவற்றை விற்கும் நாள்.

நாய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தேனியில் ஒரு மருந்து மொத்தக் கடையில் இருப்புக் கணக்குப் பார்ப்பவன். வீடு சின்னமனூரில். என் மனைவி செல்வி வீட்டிலேயே துணி தைக்கிறாள். முந்தைய வருடம் அவளுக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று அடுத்த கோடையில் கிடைக்கும் போலிருந்தது. அதற்குத் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். அதுவரை பணத்தை வங்கியில் போட்டு வைக்கலாம் என்றாள்.

நான் சிரித்தேன். எனக்கு முதலீட்டு ஆலோசகர் ஒருவர் இருந்தார். கூட வேலை பார்க்கும் தங்கப்பாண்டி. மாதம் இருபதாம் தேதிக்கு மேல் அவன் பையில் காசு நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் பணத்தைப் பெருக்குவது பற்றி அவனைப் போல உறுதியாகப் பேசுகிற இன்னொரு ஆளையும் பார்த்ததில்லை.

"பேங்க்ல போட்டா பணம் தூங்கும்ணே. ஷேர் மார்க்கெட்டு சூதாட்டம். கண்ணால பாக்குற சொத்துல போடணும். பிச்சுப் பிச்சுப் போடக் கூடாது, மொத்தமா ஒரே எடத்துல போட்டாத்தான் வளரும்."

"நிலமா?"

"நெலம் குட்டி போடுமாண்ணே?"

இந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். அந்த வாரமே கோம்பைக்குப் போய், காவலுக்குப் பேர்போன கோம்பை இனத்து நாய் ஒன்றைச் சினையோடு, சீட்டுப் பணம் மொத்தத்துக்கும் வாங்கி வந்தேன். ராணி என்று பெயர். விற்ற விவசாயி கயிற்றை என் கையில் கொடுக்கும்போதே சொன்னார்: "சோறு போடுற கைக்குத்தான் இது கட்டுப்படும், பாத்துக்கிடுங்க." உணவு அட்டவணை தயாரித்தது நான். சோறு போட்டது செல்வி. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

செல்வி ராணிக்குத் தண்ணீர் வைத்தாள். "சீசனுக்கு முன்னாடி மெஷினுக்குப் பணம் வந்துருமில்ல?" என்று மட்டும் கேட்டாள். இரட்டிப்பாக வரும் என்றேன். அவள் ஏற்கெனவே மாதாமாதம் தையல் கூலியில் ஐநூறு ரூபாயை ஏதோ மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் காசு புளி வாங்கக்கூட ஆகாது, அதுவும் சூதாட்டத்தில்" என்று கூடுதலாக ஒரு அறிவுரையும் கொடுத்தேன்.

குட்டிகள் பிறந்தன. தாயின் காவல் திறமையைக் கண்ணால் பார்த்தால் குட்டிக்கு விலை ஏறும் என்று எனக்கு ஒரு யோசனை. எங்கள் கடை இருப்பறையில் ஒரு முறை உண்டு: சரக்கு உள்ளே வருவதற்கு யாரும் ஒன்றும் கேட்பதில்லை, வெளியே போவதற்குத்தான் கையெழுத்து, முத்திரை எல்லாம். அதையே ராணிக்கும் கற்றுக்கொடுத்தேன். தினமும் மாலை தங்கப்பாண்டி சும்மா உள்ளே வருவான். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவான். ராணி மறித்தால் அதற்கு ஒரு துண்டுக் கோழிக்கறி. இரண்டு வாளி உடைந்து, ஒரு வேட்டி கிழிந்த பிறகு பயிற்சி முழுமை பெற்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மெஷினுக்கு அன்று மாலைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மெஷின் இல்லையென்றால் சீருடை ஆர்டரும் இல்லை. அதுவரை பிடித்து வைக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று செல்வி ஏழு மணிக்கே தேனிக்குப் பஸ் ஏறினாள். ஒன்பதுக்கு ராணியை அவிழ்த்துவிட்டேன். பத்து மணிக்குக் கேரள எல்லையிலுள்ள குமுளியிலிருந்து மத்தாய்ச்சன் காரில் வந்து இறங்கினார். அங்கே லாட்ஜ் நடத்துகிறவர். நான்கு குட்டிகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதாகப் போனில் சொல்லியிருந்தார்.

"சாரே, நாயி கடிக்குமோ?"

"தைரியமா வாங்க."

ராணி அவரை முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டது. டீ குடித்தார். குட்டிகளின் காது, பல், நகம் எல்லாம் பார்த்தார். "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டி, பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். என் வாழ்க்கையின் சிறந்த இருபது நிமிடங்கள் அவை. குட்டிகளைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

ராணி எழுந்து நின்றது.

குரைக்கவில்லை. குரைத்திருந்தால் பயம் குறைந்திருக்கும். மத்தாய்ச்சன் கூடையைக் கீழே வைத்தார். கைப்பையோடு மட்டும் நடந்து பார்த்தார். உர்ர் என்றது. பையையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தார். மரியாதையாக விலகி வழிவிட்டது. தெருவில் போய் நின்றவருக்குக் கார் சாவி பைக்குள் இருப்பது நினைவு வந்தது. பையை எடுக்க உள்ளே வந்தார். சாவியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும் சத்தம் கேட்டு உர்ர் என்றது; மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாரே, இது எந்தா ஏற்பாடு?"

நான் கூடையைத் தூக்கினேன். ராணி என் வேட்டி நுனியைப் பிடித்தது. வேட்டியின் மறு நுனியை நான் பிடித்தேன். (தங்கப்பாண்டியின் வேட்டிக்கு நேர்ந்ததை நேரில் பார்த்தவன் நான்.) கூடையை வைத்ததும் விட்டது. போக விடச் சொல்லும் கட்டளை ஒன்றை நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தெருவில் கூட்டம் சேர்ந்தது. சர்ச்சிலிருந்து திரும்பிய எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரர் ஜெபராஜ் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"என்னப்பா, வந்த விருந்தாளியப் பிடிச்சு வச்சிருக்கியாம்ல?"

"நான் பிடிக்கல அண்ணாச்சி, நாய்தான்."

"பிஸ்கட் போட்டுப் பாரு."

போட்டேன். ராணி ஒரு பாக்கெட்டையும் தின்றுவிட்டு, கேட்டை அடைத்தாற்போல் படுத்துக்கொண்டது. அண்ணாச்சி வெளியிலிருந்து இன்னொரு பாக்கெட்டை நீட்டினார். "இது நாய்க்கில்ல, பாவம் அவுகளுக்கு." மத்தாய்ச்சன் நின்றபடியே தின்றார்.

பன்னிரண்டரைக்கு மேல் செல்வி வந்தாள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. என்னையும், மத்தாய்ச்சனையும், ரிப்பன் கட்டிய குட்டிகளையும் பார்த்தாள்.

"அவுகள ஏன் வெயில்ல நிறுத்தி வச்சிருக்கீக?" என்றாள். பிறகு குரல் மாறி, "ஏ ஆத்தா, இங்கன வா" என்றாள்.

ராணி வாலை ஆட்டிக்கொண்டு போய் அவள் காலடியில் உட்கார்ந்தது. அவள் அதைத் தென்னையில் கட்டினாள். அவ்வளவுதான். நான் நிம்மதியோடு கூடையை எடுத்து மத்தாய்ச்சனிடம் நீட்டினேன். அவர் கூடையை வாங்கவில்லை. மேசைக்குப் போய்ப் பணத்தைத்தான் எடுத்தார்.

"நாயி நல்ல நாயி சாரே, குறை சொல்லல. பக்ஷே எனிக்கு லாட்ஜ் ஆணு. வந்தவன் காலையில பெட்டியோட போகணும். இது வளர்ந்து பெட்டியப் பிடிச்சா நான் எங்கன பிழைக்கும்?"

கார் திரும்பிய புழுதி அடங்கும் வரை நான் கேட்டில் நின்றேன். அரை நாளில் ஆர்டர் போனது, மெஷின் போனது, செல்வியின் சீட்டுப் பணம் போனது. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"சாயங்காலத்துக்குள்ள யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிப் பாக்குறேன் செல்வி."

"எதுக்கு? மெஷினுக்கு முன்பணம் கட்டிட்டுத்தான் வாரேன்."

"பணம் ஏது?"

"அந்தச் சூதாட்டத்துல இருந்துதான். அஞ்சு வருசத்துப் புளிக் காசு. போன வாரமே எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன், வெள்ளிக்கெழம கணக்குல ஏறிருச்சு. ஏறும் எறங்கும்னு தெரிஞ்சுதான் போட்டேன். போன வருசம் எறங்கிக்கூட கெடந்துச்சு. ஆனா கேட்டா குடுத்துருவாக."

"போன வாரமே ஏன் எடுத்த? குட்டிய இன்னைக்கு விக்கப் போறேன்னுதான் சொன்னேனே?"

"நீங்க ஒங்க தங்கப்பாண்டியப் பாத்தீக. நான் ராணி மூஞ்சியப் பாத்தேன். குட்டிய வெளிய விடுற மூஞ்சியா அது?" என்றாள். அதற்கு மேல் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. மதியச் சோறு போடும்போதும் சிரித்தாள். கூடவே நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

நிலம், நகை, சீட்டு என்று யார் எங்கள் வீட்டில் பேச்செடுத்தாலும், எவ்வளவு வரும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "வெளிய விடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜெபராஜ் அண்ணாச்சி அதைத் தன் கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கள். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கடிகாரங்களைத் தொடவில்லை. முதல் வேலையாக ஒரு காலி வாளியை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். கையில் கறித்துண்டோடு செல்வி நின்றாள்; இந்த முறை வழிவிட்டால்தான் கறி. ராணி மறித்தது; திரும்பி வந்தேன். மறுபடி போனேன், மறுபடி மறித்தது. விடிந்து, பால்காரர் மணியடித்துக்கொண்டு தெருவைத் தாண்டும்போது, அது செல்வியின் கையைப் பார்த்தது, என் வாளியைப் பார்த்தது, மனசே இல்லாமல் ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது.

தெருவில் நின்று, சட்டைப் பையிலிருந்த நாள்குறிப்பில் எழுதினேன்: வெளியே போன சரக்கு, வாளி ஒன்று.