சஹனில் காணாமல்போன ரியல் மட்ரிட்

அலுவிகாரை,
மாத்தளை.
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

நொட்டிங்ஹாம் குளிரிலிருந்து உங்களையும் அக்காவையும் முத்துமாரியம்மன் காத்து வருவாளாக. இங்கு நானும் சந்திரகாந்தாவும் உடம்பளவில் நலம். மனதளவில் என்ன நிலை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் ஃபோனை முதலில் திறப்பது அக்கா. அக்கா திறந்தால் அது குடும்பக் குரூப்புக்குப் போகும். குரூப்புக்குப் போனால் பதுளையிலிருந்து வவுனியா வரை ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்வார்கள். ஆகவே முத்திரை ஒட்டிய கடிதம். தனியாக இருந்து வாசிக்கவும்.

எனக்கு வேண்டியது ஒரு தாள். நொட்ஸ் கவுண்டி உதைபந்தாட்டக் கழகம் 1862ஆம் ஆண்டு தொடங்கியது, உலகத்துத் தொழில்முறைக் கழகங்களுக்குள் மூத்தது அதுதான் என்று, அந்தக் கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரை குத்தி, பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். நீங்கள் அதே ஊர்ப் போட்டிக் கழகமான ஃபொரஸ்ட் கட்சி என்பதும், ஆற்றைக் கடந்து எதிரி வாசலில் போய் நிற்பது உங்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பதும் எனக்குத் தெரியும். ஃபொரஸ்டின் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைப் பற்றி நீங்கள் ஃபோன் எடுக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். கோப்பை வேறு, வரலாறு வேறு என்று ஒவ்வொரு முறையும் பணிவாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் 1998இல் நீங்கள் எனக்கு அனுப்பிய கறுப்பு வெள்ளைக் கழுத்துத்துண்டு, உங்கள் வேலையிடத்துக் குலுக்கலில் விழுந்து, எதிரியின் துணி வீட்டில் இருக்கக் கூடாதென்று என் தலையில் கட்டிவிட்டது என்பதை அக்கா 2009இல் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் அதை அன்பளிப்பு என்று நம்பியிருந்தேன். மன்னித்துவிட்டேன். மறக்கவில்லை. அந்தத் துண்டால்தான் நான் நொட்ஸ் கவுண்டிக்காரன் ஆனேன், அதனால்தான் இன்று இந்த நிலையில் இருக்கிறேன், ஆகவே இதில் உங்களுக்கும் பங்குண்டு.

டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஜவாஹிரை உங்களுக்கு நினைவிருக்கும். மாவட்ட அணியில் அவன் கோல் காத்தான்; நான் மாற்றுக் கோல் காப்பாளன். அவனுக்குக் காயம் பட்டால்தான் எனக்கு இடம். இரண்டு பருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதனுக்கு ஒரு தடிமல் காய்ச்சல்கூட வரவில்லை. அதையும் மன்னித்து, இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் கடைக்குப் போய், வாசலில் இருக்கும் மிளகு மூட்டையில் உட்கார்ந்து, எந்தக் கழகத்துக்கு வரலாறு பெரிது என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவன் மன்செஸ்டர் யுனைடெட். அவனுக்கு நான் 'மச்சான்', எனக்கு அவன் 'மச்சான்'. பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவிட்டு வேறொருவரைப் பிரதி அதிபராக்கிய நாளில்கூட நான் வீட்டுக்கு வரவில்லை, அந்த மூட்டைக்குத்தான் போனேன்.

போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு அவன் மகள் ஷஸ்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அன்ஸார், உக்குவளை. பகல் சாப்பாடு சஹனில். நீங்கள் நாட்டை விட்டுப் போய்க் காலமாகிவிட்டது, மறந்திருக்கும்: ஒரு பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் தொட வேண்டும். ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. இடையில் எழும்பினால் சோறு போட்ட வீட்டுக்கு அவமானம். நம் ஆட்களுக்கு வழக்கமாக மேசை போட்டுத் தனித்தட்டு வைப்பார்கள். ஜவாஹிர் விடவில்லை. "மச்சான் என்ன வெளியாளா, சஹன்லேயே இரிக்கட்டும்" என்று என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டாரின் சஹனில் இருத்தினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முழங்கால் வலியைக்கூட வெளியே காட்டவில்லை.

எதிரே மாப்பிள்ளையின் மாமா ஷிஹாம். மாப்பிள்ளை வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல். மற்றவர்களில் மூவர் அவர்களுடைய சொந்தக்காரர்கள்; பேர் கேட்டு வைக்கவில்லை, ஆகவே அவரவர் கழகத்தின் பேராலேயே எழுதுகிறேன். ஆறாமவர் லக்கலயிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவர். அவர் வாய் பேசுவதற்காகத் திறக்கவில்லை.

"உலகத்துல வரலாறு ஈக்கிற டீம் ஒண்டுதான்" என்று ஷிஹாம் ஆரம்பித்தார். "ரியல் மட்ரிட். பதினஞ்சு ஐரோப்பியக் கப். முடிஞ்சி."

"ஷிஹாம் நானா, மூணு கோல் பின்னுக்கு நிண்டு, அதே ராவுல கப்போட வீட்டுக்கு வந்தது யாரு? அதுக்குப் பேருதான் வரலாறு" என்றார் லிவர்பூல்.

"பிளேன் விழுந்து டீமே மௌத்தாகி, பத்து வருஷத்துல திரும்பக் கப் எடுத்த டீம் எங்கட" என்றார் யுனைடெட்.

"அழகா வெளாடினது நாங்கதான்" என்றது பார்சலோனா. இருபது வயதிருக்கும்.

நான் பேசாமல்தான் இருந்தேன், அத்தான். சத்தியமாகப் பேசாமல் இருந்தேன். ஷிஹாம்தான் கேட்டார், "சேர் வரலாறு படிப்பிக்கிறதாமே. நீங்க செல்லுங்கோ பாப்பம். உங்கட டீம் எது?"

"நொட்ஸ் கவுண்டி" என்றேன்.

"அது எங்க, நாவுல டவுனுக்கு அங்காலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பார்சலோனா இடது கையால் ஃபோனைத் தட்டிப் பார்த்து, "சேர், இது நாலாம் டிவிஷன்ல ஈக்கி. கொஞ்சக் காலம் லீக்லயே இல்ல" என்றது. அந்த நாலு வருடம் எனக்கு எப்படிப் போனது என்று அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும். இருபத்தெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். கோப்பை என்பது அலுமாரியில் வைக்கிற சாமான், வரலாறு என்பது காலம், காலம் என்றால் ஆண்டு, ஆண்டு என்றால் வரிசை என்று சொல்லிப் பார்த்தேன். விளங்கவில்லை. வகுப்பில் விளங்காவிட்டால் கரும்பலகையில் காலக்கோடு கீறிக் காட்டுவேன். இங்கே கரும்பலகை இல்லை. சோறு இருந்தது.

என் முட்டையை எடுத்து என் பக்கத்து ஓரத்தில் வைத்து, "இது 1862" என்றேன். அதிலிருந்து சோற்றின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தேன். யுனைடெட்டின் கத்தரிக்காயை எடுத்து 1878இல் வைத்தேன். லிவர்பூலின் முந்திரிக் கஜுவை 1892இல். பார்சலோனாவின் அச்சாறு வெங்காயத்தை 1899இல். "யுவென்டஸ் போடுற கறுப்பு வெள்ளை ஜேர்சிகூட எங்ககிட்டருந்து போனதுங்க, 1903ல" என்றும் சொன்னேன். ரியல் மட்ரிட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடினேன். மாப்பிள்ளையின் மாமா என்பதால் ஷிஹாமின் முன்னால் தனியாக ஒரு பெரிய கோழிக்கால் வைத்திருந்தார்கள். அதை எடுத்து, "உங்க மட்ரிட் பொறந்தது 1902. நாப்பது வருஷம் பிந்தி" என்று கோட்டின் கடைசியில், தட்டத்தின் மறு ஓரத்தில் வைத்தேன். அந்த ஓரம் லக்கலக்காரரின் முன்னால் இருந்தது. அவர் நான் உபசரிக்கிறேன் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்து நன்றி காட்டிவிட்டு, ரியல் மட்ரிட்டைச் சாப்பிட்டுவிட்டார்.

நான் பாடத்தை முடித்து நிமிர்ந்தபோது 1902இல் எலும்பு மட்டும் இருந்தது.

ஷிஹாம் அந்த எலும்பைப் பார்த்தார். "எண்ட பக்கத்துல கை போட்டது காணாதா, சேர்? எண்ட டீமையும் அவருக்குத் தின்னக் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு எழும்பினார். அவர் எழும்ப, லிவர்பூல், யுனைடெட், பார்சலோனா எல்லோரும் எழும்பினார்கள். ஐரோப்பா முழுவதும் எழும்பிவிட்டது. லக்கலக்காரர் மட்டும் எழும்பவில்லை. அவருக்கு இப்போது தட்டம் முழுவதும் சொந்தம். ஜவாஹிர் ஓடிவந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான், சோற்றில் இருந்த கோட்டைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்து, "சேர், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கோ" என்றான்.

சேர். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு நான் அவனுக்குச் சேர்.

பெண்கள் பக்கத்தில் இருந்த சந்திரகாந்தாவுக்கு நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் செய்தி போய்விட்டது. வரும் வழியெல்லாம், "வாய வச்சிக்கிட்டு சும்மா சாப்புட முடியலயா ஒங்களுக்கு? ஆமா சார், மட்ரிட்டுதான் பெருசுன்னு சொன்னா அந்த கவுண்டிக்காரங்க வந்து ஒங்கள அடிக்கவா போறாங்க? அவங்களுக்கு நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னே தெரியாது" என்றாள். இதில் கடைசி வசனம் தேவையில்லாதது.

இது நடந்து ஒன்பது நாள். வரும் ஞாயிறு ஜவாஹிர் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைக்க வேண்டும். ஷிஹாம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். ஷஸ்னா உக்குவளையிலிருந்து ஃபோன் பண்ணித் தாயிடம் அழுததாகக் கேள்வி. அந்தப் பிள்ளைக்கு வரலாறு படிப்பித்ததும் நான்தான், புகுந்த வீட்டில் அவளைத் தலைகுனிய வைத்ததும் நான்தான். இரவில் முழங்கால் வலிப்பதாகச் சந்திரகாந்தாவிடம் சொல்கிறேன். வலிப்பது முழங்கால் இல்லை.

அதற்காகத்தான் அந்தத் தாள். முத்திரையோடு அதைக் கொண்டுபோய் ஷிஹாமின் கையில் கொடுத்தால், தான் பிழை என்று அவருக்குத் தெளிவாகிவிடும், கோபம் போய்விடும். "மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிரும்ல" என்கிறாள் சந்திரகாந்தா. மன்னிப்புக் கேட்பது ஆதாரம் இல்லாதவன் செய்கிற வேலை. ஜவாஹிரோடு இனி எனக்குப் பேச்சில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வேறு தெரு வழியாகச் சுற்றித்தான் வருகிறேன். நேற்று மழை, ஆகவே பஸ்ஸில் வந்தேன்; அது அவன் கடையைத் தாண்டித்தான் போகும். என் மிளகு மூட்டையில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. பார்த்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

ஆகவே தாளைத் தாமதிக்காமல் அனுப்பவும். ஷிஹாமின் முன்னால் நிற்கும்போது என் பக்கம் ஒரு முத்திரையாவது இருக்க வேண்டும். என் கொள்கையில் மாற்றமில்லை: மூத்ததுதான் பெரியது, கோப்பை வெறும் தகரம். அக்காவின் பிரஷரைக் கவனிக்கவும். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தாய்மாமனின் ஆசி எப்போதும் உண்டு. அவர்கள் எந்தக் கழகமாக இருந்தாலும் உண்டு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மைத்துனன்,
லெட்சுமணன்

பி.கு. (புதன்கிழமை மாலை): உறையை ஒட்டும் நேரத்தில் ஜவாஹிர் வந்தான். கையில் மூடி போட்ட தட்டம். உட்கார்ந்தான், மூடியைத் திறந்தான், "தின்னு மச்சான். பத்து நாளா நான் யாரோட சண்ட புடிக்கிற?" என்றான். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சந்திரகாந்தா தட்டுக் கொண்டுவந்தாள், வேண்டாமென்றோம். இரண்டு பேரும் ஒரே தட்டத்தில் சாப்பிட்டோம். பிறகு விஷயத்தைச் சொன்னான். நான் சொன்னது பிழையென்று நிரூபிக்க ஷிஹாம் மூன்று நாள் இன்டர்நெட்டில் தேடினாராம். முடியவில்லையாம். இப்போது உக்குவளைப் பள்ளிவாசல் வாசலில் நின்று, "மட்ரிட்டெல்லாம் நேத்துப் பொறந்த டீம், 1862 தெரியுமா உங்களுக்கு?" என்று போகிறவர் வருகிறவரைப் பிடித்துக் கேட்கிறாராம். யுவென்டஸ் ஜேர்சிக் கதையையும் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்கிறாராம். ஞாயிறு விருந்துக்கு வருகிறார், என்னைத் தன் சஹனில் இருத்தச் சொல்லியிருக்கிறார், என் கறுப்பு வெள்ளைத் துண்டையும் கேட்டிருக்கிறார். இருபத்தேழு வருடத் துண்டு. ஷஸ்னாவின் முகத்தை நினைத்து, துவைத்து மடித்து ஜவாஹிரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகவே தாள் வேண்டாம். அந்த மனிதர் இருக்கிற கழகத்தில் இனி நானும் இருக்க முடியாது. ஃபொரஸ்டும் 1865, மூன்று வருடமெல்லாம் ஒரு வித்தியாசமா? அதோடு இரண்டு ஐரோப்பியக் கோப்பை என்பது, யோசித்துப் பார்த்தால், லேசான காரியமில்லை. கோப்பை இல்லாமல் என்ன வரலாறு. சிவப்புத் துண்டு ஒன்று அனுப்பவும், இந்த முறை விலைக்கு வாங்கியதாக இருக்கட்டும். ஃபொரஸ்ட் வென்றது எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக எழுதி, ஞாயிறு பகலுக்கு முன் வாட்ஸ்அப்பில் போடவும். கடிதம் ஞாயிறுக்குள் வந்து சேராது, ஆகவே இதையே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அக்கா பார்த்தாலும் பரவாயில்லை.