சாயம் போன எட்டுப் பாவாடைகள்

நான் பட்ட அவமானங்களில் பாதிக்கு என் நாக்கு காரணம், மீதிப் பாதிக்கு மூக்கு. இரண்டும் கூட்டுச் சேர்ந்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஒன்றே ஆயுசுக்கும் போதும்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக எனக்கு முதல் வேலை. (எனக்கு ஓடத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.) பெரம்பூர் ரயில்வே குமாஸ்தாவின் மகள், சம்பளம் கொஞ்சம், தலைக்கனம் ஹெட்மிஸ்ட்ரஸ் அளவு. ஓட்டப் பந்தயத்துக்கு எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் காசிமேட்டு மீனவர் வீட்டு மங்கை ஓடினால், மற்ற ஏழு பேரும் நடக்கிற மாதிரி இருக்கும்.

பந்தயம் கார்த்திகையில். பயிற்சி முழுக்க ஐப்பசி மழையில். வெள்ளைப் பாவாடை சட்டை நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே எல்லாம் தெரிகிறது. மங்கையின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: நாலு பேர் பார்த்துச் சிரித்தால் ஓட்டமும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது.

சரி, துணிக்கு அடர்த்தியாகச் சாயம் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கேள்விப்பட்டு மங்கையின் அம்மாவே பள்ளிக்கு வந்தார். வலை இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையைக் காய்ச்சிச் சாயமேற்றும் அண்டா அவர்கள் வீட்டில் உண்டு.

"அதுல முக்கிக் குடுத்துடறேன் டீச்சர். கடல்லயே போவாத சாயம்."

"வேண்டாம்மா, மீன் வாடை அடிக்கும்" என்றேன், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சரி என்று தலையாட்டிவிட்டு மீன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையில் சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கி நானே முக்கினேன். உப்புப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். (யாருக்குப் பொறுமை?)

அடுத்த மழையில் எட்டுப் பேரும் துறைமுக மதிலோரம் ஓட, நான் குடையோடு பின்னால் போனேன். கால் மைல்கூடப் போயிருக்க மாட்டோம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை சிவப்பு வழிய ஆரம்பித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ரத்தம் என்றே நினைத்து, எந்த லாரி மோதியது என்று என்னைக் கேட்டார்கள். நான் "சாயம், சாயம்" என்று கத்த, பாவம் டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னையும் சேர்த்து ரிக்‌ஷாவில் ஏற்றப் பார்த்தார்கள்.

காசிமேட்டுக்குச் செய்தி போனபோது, லாரி எட்டுப் பெண்கள்மேல் ஏறியிருந்தது. மங்கையின் அப்பா கரையிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தார். மகளின் தலை, கை, கால் எல்லாம் தடவித் தடவிக் காயத்தைத் தேடினார். அவர் விரல்தான் சிவந்தது. நடுரோட்டில் மழையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"ஓடுனது போதும் கண்ணு. வூட்டுக்கு வா" என்று அழைத்துப் போனார்.

மறுநாள் எட்டு ஜோடித் துணியோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அவர் புருஷன்தான் மசியவில்லை.

"மொதல்ல டீச்சர் பொடவைய முக்கறேன். கட்டிக்கினு மழைல ஓடட்டும். சாயம் போவலன்னா நம்ம பொண்ணு ஓடட்டும், இன்னா?" என்றார் அந்த அம்மா.

இரண்டு நாள் கழித்து, மழையில், குப்பமே வேடிக்கை பார்க்க, என் ஒரே நல்ல புடவையில் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் மங்கைதான் தூக்கி நிறுத்தினாள். சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் அப்பா சிரித்துவிட்டார். கார்த்திகையில் மங்கை ஓடி இரண்டாவதாக வந்தாள்.

இன்றைக்கும் வானம் கறுத்தால் என் பிள்ளைகள், "அம்மா, லாரி வருது" என்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களுக்குத் தெரிந்த கதையில் மீன் வாடை கிடையாது. அதை நான் சொன்னதே இல்லை. அந்தப் புடவையை அன்றைக்கே முகர்ந்து பார்த்தேன். ஈரப் பட்டை வாசனைதான், வேறொன்றும் இல்லை. அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.