கல் – ராபின்

இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டு நாற்காலியில் சின்னப்பன். படகு டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு வலது கைப்பக்கம் மகள் சுபிதா. இடது கைப்பக்கம் மைத்துனி மரகதம். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்டூலில், டீ டம்ளரோடு, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மண்டல் தீதி. அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது சின்னப்பனின் மனைவி ஞானசெல்வியுடையது. அவள் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

மேசை நடுவில் அவளுடைய நாற்பது பக்க நோட்டு.

தினமும் காலையில் அன்றைய வேலைகளை அதில் எழுதுவாள். முடிந்ததற்கு டிக் போடுவாள். மாதம் முடிந்தால் புது நோட்டு, பழையது பேப்பர்காரனுக்கு.

"காபி போடணும்னு எழுதலியா?" என்று சின்னப்பன் கேலி செய்வார்.

"அதை நீங்க சத்தம் போட்டே ஞாபகப்படுத்திருவியளே" என்பாள்.

கடைசியாக எழுதியது ஒரு வியாழக்கிழமைப் பக்கம். கேஸ் புக் பண்ண, டிக். தண்ணி பிடிக்க, டிக். சுபிதா பிளவுஸ், டிக். அவுகளுக்கு பிரஷர் மாத்திரை, டிக். அதற்குக் கீழே, டிக் இல்லாமல், இரண்டே வார்த்தை: கல் – ராபின்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வேலைய பாக்கி வெச்சுட்டுப் படுக்கிறவ இல்ல அவ" என்றார் சின்னப்பன். "முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால இத முடிச்சாகணும். முடிக்காம அவ கல்லறை முன்னால போய் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

"முடிக்கலாம் அத்தான். என்ன கல்லு?" என்றாள் மரகதம்.

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ராபினைக் கேட்டால் தெரியும். ஆனால் மகனோடு சின்னப்பன் பேசி மூன்று வருஷம் ஆகிறது. பர்மனெண்ட் அரசாங்க வேலையை உதறிவிட்டு, ஹேவ்லாக் தீவில் டூரிஸ்டுகளைக் கடலுக்குள் முக்கி எடுக்கும் வேலைக்குப் போனவன். "அவனைப் பாக்கப் படகு ஏறுறவுங்க அப்படியே அங்கேயே இருந்துக்கிடலாம்" என்று இதே மேசையில் அடித்துச் சொன்னார். அடக்கத்துக்கு வந்தவன் ஓரமாக நின்று, மண் போட்டு, அடுத்த படகில் திரும்பிவிட்டான்.

"தோட்டுக் கல்லா இருக்கும்பா. அம்மா தோட்டுல ஒரு செவப்புக் கல்லு ஆடிக்கிட்டு இருந்திச்சு" என்றாள் சுபிதா.

"அந்தத் தோடு எங்க அம்மா போட்டது. அத ஏன் அவ ராபினுக்கு எழுதுதா? அவன் என்ன தோடா மாட்டுவான்?" என்றாள் மரகதம்.

"நீங்க மாட்டலாம்னு பாக்கீங்களா சித்தி?"

மண்டல் தீதி எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"இவளுக்கு இன்னொரு டீய ஊத்து" என்றாள் மரகதம். "பேச்சு புரியாட்டாலும் டீ புரியும். துர்கா பூஜை பண்ணுறவ, மாசாமாசம் ஒரு புதன்கிழமை அக்காவோட குட்வில் எஸ்டேட் ஜெபக்கூட்டத்துக்குப் போனாளே, அங்கதான் என்ன புரிஞ்சுதோ!"

"உன் அக்காவுக்கு மட்டும் என்ன? இருபத்தெட்டு வருஷம் இந்தத் தீவுல இருந்தா. 'பானி'க்கு மேல ஒரு ஹிந்தி வார்த்தை தெரியாது. கடைக்குப் போனா நான்தான் பேசணும்." சின்னப்பன் இதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கி, முடிக்கையில் காலி நாற்காலியைப் பார்த்தார்.

தீதி சிரித்தபடி டம்ளரை நீட்டினாள்.

கடைசியில் மரகதத்தின் யோசனையே ஜெயித்தது: தோசைக்கல். சின்ன வயசில் அந்த இரும்புக் கல்லில் சுட்ட தோசைக்குத்தான் ராபின் அழுவான். சின்னப்பன் அதைச் சாக்கில் சுற்றி, தெரிந்த படகு ஊழியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். நோட்டில் பென்சிலால் டிக் போட்டார்.

நான்கு நாள் வீட்டில் உப்புமா. ஐந்தாம் நாள் கல் திரும்பி வந்தது. சாக்குக்குள் ஒரு துண்டுச் சீட்டு: 'இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.'

"திமிரைப் பாத்தியா! அம்மா கல்லு வேண்டாமாம். கடையில வாங்கி வெச்சிருக்கானாம்!" என்றார் சின்னப்பன்.

டிக்கை ரப்பரால் அழித்தார். தாள் லேசாகக் கிழிந்தது. அவர் அதைக் கட்டை விரலால் வெகுநேரம் தடவி ஒட்டப் பார்த்தார்.

"அப்பா, கிட்னி கல்லா இருந்தா?" என்றாள் சுபிதா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவி மனுஷி, மகனுக்கு வியாதி என்று சொல்லக்கூடப் பயந்து, இரண்டு வார்த்தையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்!

மறுநாள் காலைப் படகில் ஆறு வாழைத்தண்டு போயிற்று. எதற்கு என்று படகு ஊழியர் கேட்டார், சின்னப்பன் சொன்னார். படகுத்துறையில் ஒருவரிடம் சொன்னால் அவர்கள் இருக்கும் டாலிகஞ்ச் பேட்டை முழுக்கச் சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்றாட்டின்போது, 'சிறுநீரகக் கல்லால் துன்புறும் சகோதரன் ராபினுக்காக' என்று வாசித்தார்கள். சபை முழங்காலில் நின்றது. சாயங்காலம் சுபிதாவின் போனுக்கு ராபின் பேசினான்.

"ஏ சுபி, எனக்கு என்ன வியாதின்னு எனக்கும் சொல்லுங்க. ரிசார்ட்ல டாக்டர் சர்டிபிகேட் இல்லாம தண்ணியில இறங்கக் கூடாதுங்காங்க. இந்த வாழைத்தண்ட என்ன செய்ய?"

"அப்பாகிட்ட குடுக்கவா?"

சின்னப்பன் கையை நீட்டியபடி நின்றார். லைன் அறுந்தது. தானாக அறுந்ததா, அவன் அறுத்தானா என்று அவர் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கல். அதை எல்லாரும் முதல் நாளிலிருந்தே நினைத்திருந்தார்கள். யாரும் வாயால் சொல்லவில்லை. கல்லறைக் கல். தன் நாள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் கல்லை மகன் வைக்கட்டும் என்று எழுதியிருக்கிறாள்.

பூசைக்கு இரண்டே நாள். சின்னப்பன் தனியாகக் கல் கடைக்குப் போனார். நோட்டைக் காட்டி, கீழே 'ராபின்' என்று பெயர் வெட்டித் தரவேண்டும் என்று ஹிந்தியில் கேட்டார்.

கடைக்காரர் தூசிக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். "ஆஜ் நஹீ, சாச்சா. கல். கல் ஆனா."

இன்று இல்லை, நாளை வாருங்கள்.

சின்னப்பன் பெயர் வெட்டாத ஒரு பலகைக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம், கவுண்டர் கம்பிக்குப் பின்னால் இருந்து, அவரே ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. ஆஜ் ஃபுல். கல் ஆனா.

கல். நாளை. நாளை – ராபின்.

யாரிடமோ ஹிந்தி கற்றிருக்கிறாள். அவர் கண்ணில் பட்டாலும் புரியக்கூடாது என்று எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை படகேற இருந்தவளுக்கு வெள்ளிக்கிழமை வரவில்லை.

வீட்டுக்கு வந்து தலைமாட்டு நாற்காலியில் உட்காராமல், அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவார்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள்.

'அன்புள்ள ராபினுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. உன் அம்மா மறுநாள் உன்னைப் பார்க்க வருவதாக நோட்டில் எழுதியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். மூன்று வருஷம் பிள்ளை முகம் பாராமல் அவள் போனதற்கு நானே பொறுப்பு. பூசை முடிந்து வரும் சனிக்கிழமை காலைப் படகில் அவளுக்குப் பதிலாக நான் வருகிறேன். துறைக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் கிட்னி நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். வாழைத்தண்டைத் தூர எறிந்துவிடு.'

சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் கவரை ஒட்டினார். உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தினார்.

தெருமுனையில் மளிகைக் கடைச் சுவரில் தபால் பெட்டி. கடையில் மண்டல் தீதி முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னார்: அந்த வரி, அந்த வார்த்தை, அவள் பார்க்காமலே போன மகன்.

சொல்லி முடித்துக் கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டார். அது அடியில் விழும் சத்தம் கேட்டது.

தீதி முட்டைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தமிழில், ஞானசெல்வி பேசுகிற அதே தூத்துக்குடித் தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி, கல்னா நாளைக்கு மட்டும் இல்ல, நேத்தும் கல்தான், அவ எழுதின நேத்து அந்தப் புதன்கிழமை, ஜெபக்கூட்டம்னு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் மாசாமாசம் போனது ராபின் வீட்டுக்குத்தான்."