சரக்கு: பால்

என்னைவிட வயதில் ஆறு வருடமும் குரலில் இரண்டு பங்கும் மூத்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். அதில் ஒருத்தி நலமானது போன வாரம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நீ மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்துக்கு அது போதாது. மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன், வாயைச் சுற்றி வெள்ளையாக இருக்கும் பாப்பாவின் போட்டோவை, இவளுக்குப் பால்தான் உயிர் என்று எழுதி உனக்கு அனுப்பினேன். அழகாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுதுவாய் என்று பார்த்தேன். "குழந்தை ஏன்டா இப்படி வாடிப் போயிருக்கா? பெத்தவங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?" என்று உன் கடிதம் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன். பிறகு நீ ஏழு தடவை கூப்பிட்டாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் என் சட்டைப்பையில். மிச்சத்தையும் திட்டித் தீர்க்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நான் எடுக்கவில்லை. மகளின் எடையை ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் உன்னோடு பேச்சு என்று சபதம் போட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எடை என்று வந்துவிட்டால் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. லாரி எடைமேடையில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். மனைவிக்குச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் என்பதால் மதியம் வரை பாப்பா என் கண்ணாடி அறையில்தான் இருப்பாள். வண்டி வராத நேரம் பார்த்து, ஒரு லாரி நீளத்துக்கு இருக்கும் அந்த இரும்பு மேடையின் நட்டநடுவில் மூன்றரை வயதுக் குழந்தையை நிறுத்தினேன். பத்து கிலோ என்று காட்டியது. மறுநாளும் பத்து. அடுத்த வாரமும் பத்து. ஒரு மாதம் கழித்தும் அதே பத்து. எடை ஏறவில்லை என்றாலும் வேலையில் ஒழுங்கு வேண்டும் அல்லவா, ஒவ்வொரு தடவையும் முறைப்படி சீட்டு அடித்து வைத்தேன். வண்டி எண் என்ற இடத்தில் 'பாப்பா'. சரக்கு என்ற இடத்தை வெறுமையாக விட்டால் இயந்திரம் சீட்டு தராது. உள்ளே இருப்பது அதுதானே என்று 'பால்' என்று அடித்தேன்.

ஆமாம், பால்தான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள், பாலை மட்டும் மடக்மடக்கென்று குடித்தாள். காலையில் இரண்டு டம்ளர், பதினோரு மணிக்கு ஒன்று, மதியம் சாப்பிட மறுத்தால் அதற்கு ஈடாக ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஆறு டம்ளர் குடிக்கிற குழந்தை எங்கேயாவது இளைக்குமா என்று எனக்குப் பெருமை வேறு. வயிறு நிறையப் பாலை ஊற்றிவிட்டு, சோறு ஏன் இறங்கவில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "பசி டானிக் இருக்கு சார். குடுத்துப் பாருங்க, தட்டையும் சேர்த்துத் தின்னுடும்" என்றார். டாக்டர் சீட்டு எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. டானிக் குடித்தாள். தட்டைத் தின்னவில்லை, தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தாள். தூங்கி எழுந்தால் பால் கேட்டாள், கொடுத்தேன், மேடையில் நிறுத்தினேன், பத்து கிலோ.

எங்கள் மேடைக்கு வாடிக்கையாக வரும் டிரைவர் ஒருத்தருக்கு 'முப்பது டன்' என்று பெயர், வண்டிக்கும் அவருக்கும் சேர்த்து வைத்தது. பாப்பா மேடையில் நிற்பதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, இது பத்து பத்தாத்தானே எண்ணும்? பதினாலு கிலோ இருந்தாலும் பத்துன்னுதானே காட்டும்?" எனக்குத் தெரியாததா? லாரி என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெற்ற மகள் என்றதும் மறந்துபோயிற்று. அதற்காக டிரைவர் சொல்லி நான் ஒப்புக்கொள்ள முடியுமா? "வண்டிய எடுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றேன். பின்னால் யாரும் இல்லை. அடுத்த வாரம் மேடை இருபது காட்டியது. டிரைவர் சொன்னதைச் சௌகரியமாக மறந்துவிட்டு, ஒரே வாரத்தில் பத்து கிலோ ஏற்றிவிட்டேன் என்று சீட்டை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

மனைவி சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "நீங்க சீட்டப் பாருங்க, நான் குழந்தையப் பாக்கறேன். மாடிப்படி நாலு ஏறினா அஞ்சாவதுல உக்காந்துடறா. வெள்ளையடிச்ச சுவரச் சுரண்டிச் சுரண்டித் திங்கறா. கிளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள்.

குழந்தை டாக்டர் அம்மா தன் சின்னத் தராசில் நிறுத்தினார். பதினைந்து கிலோ இருநூறு கிராம். "வயசுக்கு ஏத்த எடைதான், இதுல ஒரு குறையும் இல்ல" என்றார். நான் விடுவேனா, என்னிடம் இருந்த பன்னிரண்டு சீட்டையும் மேஜையில் பரப்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு படித்தார். பிறகு சரக்கு என்ற இடத்தில் விரலை வைத்து, "ஒரு நாளைக்கு எத்தனை லோடு?" என்று கேட்டார். "ஆறு டம்ளர் மேடம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பாப்பாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது.

"ரத்தம் குறைஞ்சதாலதான் சுவரச் சுரண்டித் திங்கறா. பால் நல்லதுதான். ஆனா அதுல இரும்புச்சத்து இல்லன்னே சொல்லலாம். வயிறு முழுக்க அதுவே இருந்தா வேற என்ன இறங்கும்? ரெண்டு டம்ளரோட நிறுத்துங்க. கீரை, பருப்பு, முட்டை, மீன், நீங்க சாப்பிடறதையே கொடுங்க. திணிக்காதீங்க, பசிச்சா தானா வருவா. இந்த இரும்பு மருந்தப் பாலோட கலக்காம, ஆரஞ்சு, கொய்யா மாதிரி பழத்தோட கொடுங்க. இதையும் இஷ்டத்துக்கு ஊத்தாதீங்க, அளவு மீறினா ஆபத்து; அவ கைக்கு எட்டாத இடத்துல வைங்க. அந்தப் பசி டானிக்கத் தூக்கிப் போடுங்க."

அக்கா, பாப்பாவின் இமைக்குள் ரத்தச் சிவப்பே இல்லாததை டாக்டர் எனக்குக் காட்டினார். தினமும் என் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை. நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுவிட்டேன். இதை மாமாவிடம் சொல்லாதே.

அதன்பின் பால் குறைந்ததும் மூன்று நாள் வீட்டில் ஒரே ரகளை. நாலாவது நாள் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவளே தின்றாள். மருந்து ஆரம்பித்த வாரத்திலேயே மலம் கருப்பாகப் போயிற்று. பதறிப்போய் அதை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "இரும்பு மருந்து குடிச்சா அப்படித்தான் போகும். சீட்டுல எழுதியிருக்கேனே, படிக்கலயா?" என்றார். அந்த டிபன் பாக்ஸ் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு மாத மருந்துக்குப் பிறகு போன வாரம் பார்த்ததில் பதினொன்றே கால். இன்னும் மூன்று மாதம் மருந்தை நிறுத்தக்கூடாதாம். இப்போது மாடிப்படியில் அவள் முன்னால் ஓடுகிறாள், ஐந்தாவது படியில் மூச்சு வாங்குகிறவன் நான்.

ஆகவே அக்கா, இனி என் மகளின் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்லலாம், என் மனைவி சொல்லலாம். போட்டோவைப் பார்த்துக் குறை சொல்லும் உரிமையை உன்னிடமிருந்து இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாடிப் போயிருக்கிறாள் என்று எழுதத் தெரிந்த உனக்கு, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டு வளரட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லால் புண்பட்ட தம்பி

பி.கு.: உறையில் விலாசம் எழுதுவதற்காக உன் பழைய கடிதத்தை எடுத்துவரச் சொன்னேன். மனைவி எடுத்தாள், பிரித்தாள், திருப்பினாள். "பின்னாடியும் எழுதியிருக்காங்களே, படிச்சீங்களா?" என்றாள். படிக்கவில்லை அக்கா. முதல் பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பின்பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது: "வாயச் சுத்தி இருக்கறது பால் இல்லடா, சுவர்ச் சுண்ணாம்பு. உதடு வெளுத்திருக்கு பாரு. என் சின்னவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எடைய விடு. பாலக் குறைச்சுட்டு சாப்பாடு குடு. டானிக் எதுவும் வாங்காத. நாளைக்கே டாக்டர்கிட்ட போய் ரத்தம் பாரு. பயப்படாத, சரியாயிடும்."

இதற்குத்தான் ஏழு தடவை கூப்பிட்டாயா? நான் தாளைத் திருப்பியிருந்தால் பாப்பா இரண்டு மாதம் முன்னாலேயே அந்தப் படி ஏறியிருப்பாள். மேலே உன்னைப் பற்றி எழுதிய எதையும் படிக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நானே போன் செய்திருப்பேன், நீயும் திட்டி முடித்திருப்பாய். இனி பாப்பாவைப் பற்றி என்ன எழுதினாலும் என் மனைவி பெயருக்கே எழுது.