எச்சில் படாத டிக்கெட்

"அந்த டிக்கெட்டு எனக்கு வேண்டாங்க" என்றாள் இருதயம்மாள்.

கண்டக்டர் வரதராஜுலு விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட்டைக் கிழித்து, நீட்டிய கையோடு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, டிக்கெட்டுல என்னங்க குத்தம்?"

"எச்சிங்க. உங்களுக்குச் சளி புடிச்சிருக்குது. பஸ்ஸுல இருக்கற அத்தன பேருக்கும் டிக்கெட்டோட அதையும் சேத்துக் குடுக்கறீங்க."

அது 1996ஆம் வருட மழைக்காலம். கணபதி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு சளிக்காய்ச்சல். அங்கே நர்ஸாக இருந்த இருதயம்மாள், சளி பரவாமல் தடுப்பது எப்படி என்று பேசச் சரவணம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் மேடை. இங்கே மசிந்துவிட்டு அங்கே எந்த வாயால் பேசுவது? அவள் மசிகிற ஆளும் இல்லை.

"இத்தன வருசமா இப்படித்தானுங்க கிழிக்கறேன். ஒருத்தரும் சாகலீங்க."

"செத்தவங்க பஸ் ஏறி வந்து சொல்லுவாங்களாக்கும்?"

பின்சீட்டில் சிரித்தார்கள். வரதராஜுலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிக்கெட் கட்டை வாயருகே கொண்டுபோய் 'பூ' என்று ஊதினார். டிக்கெட் பிரிந்தது. கூடவே ஒரு தும்மலும் வந்து விழுந்தது.

"இதுக்கு எச்சியே தேவலைங்க!" என்று இருதயம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இதத் தொட்டுக் கிழிங்க."

அவர் பாட்டிலைச் சாய்த்த நேரத்தில் பஸ் குழியில் இறங்கியது. தண்ணீர் முழுக்கக் கட்டின் மேல். டிக்கெட்டெல்லாம் ஊறின அப்பளமாக ஒட்டிக்கொண்டன. வரதராஜுலு விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டினார்.

"ஒரு டிக்கெட்டுக்கு ஊரையே நிறுத்திப்போட்டாங்களே இந்த நர்சம்மா!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

"கத்துங்க, கத்துங்க! நாளைக்கு இருமிக்கிட்டு எங்கிட்டத்தான் வரோணும்" என்றாள் இருதயம்மாள்.

அத்துடன் விடவில்லை. கண்டக்டரின் பையிலிருந்து புதுக் கட்டு ஒன்றை எடுக்கவைத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்து, தன் டிக்கெட்டைத் தானே கிழித்துக்கொண்டாள். யார் எச்சிலும் படாத டிக்கெட்!

பஸ் கிளம்பிய வேகத்தில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இருதயம்மாள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். மறு கையில், மேடையில் காட்டச் சுருட்டிக் கொண்டுவந்த படத்தாள்களை நசுங்காமல் தூக்கிப் பிடித்தாள். பின்னால் வரதராஜுலு மறுபடி தும்மினார். சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே சீட்டில் பூக்கூடையோடு இருந்த பாவாத்தாள் அவளை அண்ணாந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் இருதயம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்தவளுக்கு என்ன பேச்சு என்று பஸ்ஸே நினைத்துக்கொண்டது.

அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறினார்.

"டிக்கெட்டுங்க அம்மணி."

அவள் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எங்கிட்ட டிக்கெட்டே வேண்டாம்னாங்க சார்" என்று வரதராஜுலு பாதி உண்மையைச் சொன்னார்.

"அப்ப எறங்கிக்குங்க. அபராதம் கட்டோணும்."

இங்கே இறங்கினால் மேடை போச்சு. அப்போதும் அவள் திரும்பவில்லை.

"வாயத் தொறந்து பதில் சொல்லுங்கம்மா!" செக்கர் அதட்டினார்.

பாவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"தொறக்கச் சொல்லாதீங்க சார், கீழ உளுந்துரும். டிக்கெட்ட வாயிலதான் கவ்வியிருக்கறாங்க."