சித்தி அனுப்பிய எழுத்துப் பெட்டி

என்றும் அன்பு மாறாத சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சித்தப்பாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய ஆங்கில எழுத்து விளையாட்டுப் பெட்டிக்கு எப்போதோ நன்றி சொல்லியிருக்க வேண்டும். போனில் சொன்னால் "அதெல்லாம் எதுக்குடி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் தாமதமானாலும் கடிதமாக எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு இரண்டு வயது முடியப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று உங்களிடம் அழுதேனே, அப்போது டாக்டரம்மா, "வீட்டுல பேச்சுச் சத்தம் எப்படிம்மா?" என்று கேட்டிருந்தார். "சத்தமே இருக்காது டாக்டர்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என்ன செய்வது சித்தி, இவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம், எங்கள் வீட்டுக் குக்கர்கூட பயந்து பயந்துதான் விசில் அடிக்கும், மாமனாரோ ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டு முடித்துவிட்டதாலோ என்னவோ வீட்டில் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறப்பார், நானோ எம்.எஸ்சி. படித்த வாயை வைத்துக்கொண்டு "ஷ்ஷ், அப்பா தூங்குறாங்க" என்பதைத் தவிர குழந்தையிடம் வேறெதுவும் சொன்னதாக நினைவில்லை.

அப்போதுதான் உங்கள் பெட்டி வந்தது. குழந்தைக்கு என்று அனுப்பினீர்கள். குழந்தையைத் தவிர எல்லோரும் விளையாடினோம். கையில் வந்த எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோர்த்து வார்த்தையாக்க வேண்டும், கியூ, எக்ஸ், இஸட் மாதிரி கிராக்கி எழுத்துக்கு மதிப்பெண் அதிகம், அவ்வளவுதானே? முதல் நாளே நான் இஸட் வைத்து ஒரு வார்த்தை போட்டேன். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிக்கெட் கேட்கிற அதே கையை நீட்டி, "செல்லாது" என்றார்.

"ஏன் மாமா செல்லாது?"

"அப்படி ஒரு வார்த்தை கிடையாதும்மா."

"அகராதியில இருக்கு மாமா, பாருங்க."

"அகராதிக்காரன் போட்டா ஆச்சா? அவன்கிட்ட நான் தனியா விசாரிச்சுக்கறேன். நீ எடு."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. நான் போட்டால் அவர் கையை நீட்டுவார், அவர் போட்டால் நான் நீட்டுவேன், "செல்லாது, செல்லாது" என்று மாடி வரைக்கும் கேட்கும். மாமா மருந்து அட்டை, சோப்புத் தூள் பாக்கெட், பழைய மின் ரசீது என்று ஒன்றுவிடாமல் எழுத்து எழுத்தாகப் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டார். மருந்துக்கடையில் போய் "எக்ஸ் வர்ற மாதிரி ஏதாவது சொல்லுப்பா" என்றிருக்கிறார். "உங்களுக்கு என்ன செய்யுது ஐயா?" என்று கடைக்காரர் கேட்க, "ரெண்டு நாளா கையிலேயே தங்கிப்போச்சு" என்று மாமா சொல்ல, அவர் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'குவார்ட்ஸ்' என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். "கியூவும் இஸட்டும் ஒரே வார்த்தையில! இத்தனை வருஷமா தலைக்கு மேலேயே ஓடிட்டிருந்திருக்கும்மா!" பெட்டியில் கியூ ஒன்று, இஸட் ஒன்று, இரண்டும் சேர்ந்து தன் கைக்கு வரும் நாளுக்காக அவர் தவம் கிடக்கிறார்.

இதற்கிடையே போன வாரம் ஒரு ராத்திரி ஜே எழுத்துக் கட்டை காணாமல்போனது. பாப்பா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாத குழந்தை, விழுங்கினாயா என்று கேட்டால் எப்படிச் சொல்வாள்? தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் டாக்டரிடம் ஓடினேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிடங்கிலிருந்து இவர் போன். "ஏய், என் சாப்பாட்டு டப்பாவுல ஜே கிடக்குது. எனக்கு ஏதாவது சொல்ல வர்றியா?" டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குழந்தை நல்லா இருக்கா. நீங்கதான் கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றார்.

சித்தி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. மாமாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதே இந்தப் பெட்டியால்தான் எங்களுக்குத் தெரிந்தது. சண்டை முடிந்ததும் அவரே டீ போட்டுத் தருகிறார். ஆனாலும் யாருக்காக அனுப்பினீர்களோ அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. இவருக்கோ பகல் தூக்கம் போச்சு. தமிழே வராத குழந்தையின் தலையில் இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிக் குழப்பிவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பெட்டியை நாளை பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். எழுத்துகளை எண்ணிப் பார்த்தே கட்டியிருக்கிறேன், ஜே உட்பட.

சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள். பாப்பா சீக்கிரம் பேச வேண்டும் என்று நீங்கள் இருவரும் மனதார வாழ்த்துங்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: பார்சல் வராது. காலையில் கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து, "கடைசியா ஒரே ஒரு ஆட்டம்மா" என்று மாமா உட்கார்ந்தார். கியூவும் இஸட்டும் சேர்ந்து அவர் கைக்கு வந்தன. 'குவார்ட்ஸ்' என்பதன் ஆறு இங்கிலீஷ் எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிடாத குறை. அப்போது பாப்பா வந்தாள். பலகையைப் பார்த்தாள். மாமா முன்னால் குட்டிக் கையை நீட்டி, "செல்லாது" என்றாள். சத்தமாக, தெளிவாக. தூங்கிக்கொண்டிருந்த இவர் எழுந்து ஓடி வந்துவிட்டார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமா மட்டும் வாதாடவே இல்லை, சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆறு கட்டைகளையும் எடுத்து, நீட்டிய கையில் வைத்து, "மன்னிச்சுக்குங்கம்மா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடறேன்" என்றார்.