சட்னி அரைக்க விடாத வேகம்

ஒரு வருஷமாகச் சட்னி இல்லாமல் இட்லி தின்கிறேன். தேங்காய் இருக்கிறது. மிக்சி இருக்கிறது. பக்கத்து வீட்டில் இன்டர்நெட்டும் இருக்கிறது, அதுதான் வினை. "மிக்சி ஓடுனா லைன்ல இரைச்சல் ஏறுது, தங்கையன். அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க" என்று கைலாசநாதன் சார் மதில்மேல் தலையை நீட்டுவார். ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன மனுஷன், மறுத்துப் பேச முடியுமா? என் வீட்டுக்காரி அஞ்சுகம் மிக்சியை நிறுத்திவிட்டு இட்லிப்பொடி டப்பாவை என் முன்னால் நகர்த்துவாள்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்டர்நெட்டில் சினிமா பார்க்கிறவர்கள் உண்டு, ஜாதகம் பார்க்கிறவர்கள் உண்டு. இவர்கள் வேகம் பார்க்கிறவர்கள். வேறெதுவும் பார்க்க மாட்டார்கள்.

காலையில் பல் விளக்குமுன் கம்ப்யூட்டரைப் போட்டு, வேகம் காட்டுகிற பக்கத்தைத் திறந்து, முள் ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்து, ஏறினால் காபி கேட்டு, இறங்கினால் உப்புக்காற்றைத் திட்டி, போஸ்ட்டில் துருப்பிடித்த ஜாயின்டைத் திட்டி, கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த பிறகு நிலக்கரித் தூசியையும் சேர்த்துத் திட்டி, கடைசியில் டெலிபோன் ஆபீசுக்கு நடையைக் கட்டுவார்கள். புதுக் கம்பெனிக்காரன் நோட்டீஸ் கொடுத்தால் கல்யாணப் பத்திரிகைபோல் மடிக்காமல் வைத்துக்கொள்வார்கள். எந்தக் கம்பெனிக்கும் மாற மாட்டார்கள். இன்னும் வேகமானது ஒன்று வரப்போகிறதே, அவசரப்படலாமா?

குரும்பகரத்தில் ஒரு சாவுக்குப் போனோம். மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்த சார், கூரையோரம் இறங்கிய ஒயரைப் பார்த்துவிட்டார். இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க எவ்வளவு வருது?" என்றார். அழுதுகொண்டிருந்தவன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஐநூத்திப் பன்னெண்டு கேபிங்க. மழையில கொறையுது" என்றான்.

அவனும் இந்த ரகம்தான்.

சரி, இவ்வளவு வேகம் எதற்கு? சார் மகள் கீர்த்திகா பாரீசில் இருக்கிறாள். போன வருஷம் அங்கே பேரன் பிறந்தான். வீட்டம்மா சொர்ணாம்பாளுக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் லைன் வாங்கியது, அதற்காகத்தான் கேமரா. கேமராவுக்குத் தூசி படாமல் அந்த அம்மா ஓர் உறைகூடத் தைத்தார். உறையை இன்னும் கழற்றவில்லை.

"இந்த ஸ்பீடுல புள்ள மூஞ்சி கட்டம் கட்டமா உடையும். ரெண்டு எம்பி வரட்டும், மொதமொதல்ல பாக்குறத தெளிவாப் பாக்கணும்ல" என்பார் சார். அவர் எடுத்திருப்பதோ மாசத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுகிற திட்டம். மாசம் பாதி தாண்டுமுன் அளவு தீர்ந்துபோகும். எதில் தீர்ந்தது? வேகம் பார்த்ததில்.

பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் சொர்ணாம்பாள் போனில் காதால்தான் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை கீர்த்திகா, "புடிச்சிக்கிட்டு நிக்கிறாம்மா, இன்னிக்கோ நாளைக்கோ நடந்துருவான்" என்றாளாம். போனை வைத்த கையோடு அந்த அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "அஞ்சுகம், ஒங்க மீன் வண்டி சும்மாத்தானே நிக்குது?" என்றார். வண்டிக்காரன் நான் நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சேக் பரீது நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு அந்த அம்மாவையும் அஞ்சுகத்தையும் கொண்டுபோனேன். அங்கே ஃபேன்கூட யோசித்து யோசித்துத்தான் சுற்றும். கீர்த்திகா வந்தாள், படம் நின்று நின்று வந்தது. பிள்ளை சோபாவைப் பிடித்து நின்றான். படம் உறைந்தது. மறுபடி அசைந்தபோது கூடத்து நடுவில் நின்றான். நடுவில் நடந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"நடந்துட்டான்" என்றார் சொர்ணாம்பாள். முந்தானையால் திரையைத் துடைத்தார். "கீர்த்தி, ஒங்கப்பா மூக்குடி. கட்டத்துலயும் தெரியுது பாரு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்துவிட்டு உங்கள் வீட்டுக் கேமராவையும் ஒருதரம் பாருங்கள். உறை கிடக்கிறதா?

வீடு திரும்பும்போது சார் வாசலில் நின்றார். சொர்ணாம்பாள் கலங்கிய கண்ணோடு அவரைத் தாண்டி உள்ளே போனார். சார் என்னை மதிலோரம் கூப்பிட்டார். பேரனைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று கிட்டே போனேன்.

"பரீது கடையில எவ்வளவு வருதுன்னு, அடுத்த தடவ போறப்ப பாத்துட்டு வந்து சொல்லுங்க, தங்கையன்."